ஜகதீச சந்திர போஸும் அவர்தம் மின்பேழையும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில், நம் கல்லூரிப் பௌதிகக் கூடத்தில் மாணாக்கர் மூவர், கண்காட்சியொன்றின் பொருட்டு, மயிலைத் திருக்குளத்தின் நீர்மட்டத்தைப் படிக்கட்டில் இருந்தவாறே அளந்து காட்டும் சிறு கருவியொன்றை அமைத்துக் கொண்டிருந்தனர். ஒலியலையை நீர்ப்பரப்பின் மேல் ஏவி, அது மீண்டு வருங் காலத்தைக் கணித்துத் தூரத்தை அறியும் உணரியே அக்கருவியின் உயிர்நிலை. அவ்வுணரிக்கு வேண்டுவது 5 வோல்ட்டு. அவர்கள் கையிலிருந்த லித்தியம் பாட்டரி தருவதோ 3.7 வோல்ட்டு. ஆகவே அவர்கள் மவுண்ட் ரோடுக்கு அணித்தாயுள்ள ரிச்சி தெருவுக்குச் சென்று, மின்னழுத்தத்தை வேண்டிய அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும் பலகையொன்றை வாங்கி வந்தனர். கட்டைவிரலினும் சற்றே பெரிதாகிய அப்பலகையின் மீது ஒரு கம்பிச் சுருளும், ஒரு சில்லும், நீலநிறச் சிறு பெட்டியொன்றும், அப்பெட்டியின் தலையிற் பித்தளைத் திருகொன்றும் இருந்தன. திருகைத் திருப்பினால் வெளிவரும் அழுத்தம் ஏறும் அல்லது இறங்கும். இவ்வகைப் பலகைகளுட் பல 28 வோல்ட்டு வரை ஏற்ற வல்லவை; கடையிலிருந்து வரும்போது திருகு எந்நிலையில் இருக்குமென்று எவராலும் கூறவியலாது. பத்துப் பதினைந்து சுற்றுத் திருப்பிய பின்னரே அழுத்தம் இறங்கத் தொடங்குவதும் உண்டு. நம் மாணாக்கர் இரண்டு மூன்று சுற்றுத் திருப்பி, மீட்டரை வைத்துப் பாராமலே, உணரியை இணைத்துவிட்டனர். ஒரு நொடியிற் கருகிய வாடை எழுந்தது. யாமும் அருகிலேதான் நின்றோம். தடுத்திருக்க வேண்டியவர் யாமே.

அன்று மாலை, அவ்வெந்த உணரியை மேசை மேல் வைத்துக் கொண்டு அளவளாவுகையில், ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னர்ச் சுருளொன்றையும் மின்கலமொன்றையும் சாவியொன்றையும் பெட்டிக்குள் அடக்கி உலகோரை வியப்பிலாழ்த்திய ஒருவரைப் பற்றிய பேச்சு எழுந்தது. அவர்தம் பெயரை அம்மூவரும் அறிந்திருந்தனர். செடிகளுக்கு உணர்ச்சியுண்டு என்றவர் அல்லரோ என வினவினர். அவ்வளவே அறிந்திருந்தனர். அக்குறையை ஒருவாறு நீக்கும் பொருட்டே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இப்பொழுது வங்காள தேசத்தைச் சேர்ந்த மைமன்சிங்கிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ், பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அரசாங்கத்தில் டிப்டி மாஜிஸ்டிரேட்டு உத்தியோகம் வகித்தவர். அக்காலத்து உத்தியோகஸ்தர் யாவரும் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே பெருமையெனக் கருதியிருக்க, இவர் தம் மகனை வங்காளி மொழி கற்பிக்கும் நாட்டுப் பள்ளியில் விட்டார். வலைஞன் மகனும், வீட்டு ஏவலாளாகிய முஸ்லிமின் மகனும் அவர்க்கு இருபுறமும் அமர்ந்து பயின்றனர். நீர்வாழ் உயிர்களையும் செடி கொடிகளையும் பற்றி அத்தோழர் சொல்லிய கதைகளே தம் ஆராய்ச்சிக்கு வித்தாயின என்று போஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு.

1869-இற் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிற் சேர்ந்து, பின்னர்ச் செயின்ட் சேவியர் பள்ளியிலும் அதன் கல்லூரியிலும் பயின்றார். அங்குப் பௌதிகம் கற்பித்தவர் பெல்ஜிய நாட்டு ஏசு சபைப் பாதிரியாராகிய யூஜீன் லாஃபோன். பாடத்தை வாயாற் சொல்வதோடு நில்லாமல், மேசை மேற் கருவிகளைப் பரப்பி, மாணாக்கர் கண்முன்னே இயக்கிக் காட்டுதலில் அவர் வல்லுநர். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தைக் கல்கத்தாவில் நிறுவியபோது அவருக்குத் துணைநின்றவரும் லாஃபோனே. பிற்காலத்தில் நம் ஸர் ஸி. வி. ராமன் ஆராய்ச்சி நிகழ்த்தியது அச்சங்கத்திலேதான் என்பதை நேயர்கள் அறிவர். போஸின் கைத்திறனுக்கும், செய்து காட்டாத பௌதிகம் பௌதிகமன்று என்னும் அவர்தம் கொள்கைக்கும், லாஃபோன் பாதிரியாரின் மேசையே பிறப்பிடமென யாம் கருதுகிறோம்.

1880-இல் இங்கிலாந்து சென்றார். ஐ.ஸி.எஸ். பரீட்சை எழுத வேண்டுமென்பதே மகனின் முதல் விருப்பம். பிறரை ஆளும் உத்தியோகம் தம் மகனுக்கு வேண்டாவென்று, தாமே அவ்வுத்தியோகத்திலிருந்த தந்தை மறுத்துவிட்டார். லண்டனில் வைத்தியம் பயிலத் தொடங்கினார். ஊரிலிருந்து உடன் கொண்டுசென்ற காய்ச்சல் அறுவைக்கூடத்து நாற்றத்தால் மிகுந்தமையின் ஓராண்டில் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜிற் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குப் பௌதிகத்தில் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தவர் ராலே பிரபு. 1884-இற் கேம்பிரிட்ஜ்ப் பட்டமும் லண்டன் பட்டமும் பெற்றார்.

ஃபாஸெட் என்னும் பொருளாதார அறிஞரின் அறிமுகக் கடிதத்தோடு நாடு திரும்பியவர்க்கு, நம் சென்னை நகராண்மைக் கழகத்து வெள்ளை மாளிகைக்குத் தம் பெயரை ஈந்தவராகிய ரிப்பன் பிரபுவின் பரிந்துரை கிடைத்தது. கல்வித்துறைத் தலைவர்க்கோ இந்தியர் விஞ்ஞானம் கற்பிக்க வல்லவரோ என்னும் ஐயம் இருந்தது. இறுதியில் 1885-இற் கல்கத்தாப் பிரஸிடென்ஸிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராகத் தற்காலிக நியமனம் பெற்றார். அந்நாளில் ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு. தற்காலிகமாயின் அதிலும் பாதி. ஆக, அருகிலுள்ள வகுப்பில் அதே பாடத்தைக் கற்பிக்கும் வெள்ளையர் மூன்று ரூபாய் பெற்றால், இவர்க்கு ஒரு ரூபாய்.

போஸ் வாதாடவில்லை; வேலையை விடவுமில்லை. நாள்தோறும் வந்து பாடம் நடத்தினார். மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொட மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள். இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் குடும்பம் அப்பொழுது இருந்த நிலையை எண்ணுதல் வேண்டும். தந்தையார் ஏழை எளியவர்க்கென்று தொடங்கிய தொழில் முயற்சிகள் பல நட்டத்தில் முடிந்து, கடன் மலைபோல் ஏறியிருந்தது. 1887-இற் போஸ் திருமணம் செய்துகொண்டார். கல்கத்தாவில் வீடு கொள்ள வகையின்றித் தம்பதியர் ஆற்றுக்கு அப்பாலுள்ள சந்திரநாகூரிற் குடியிருந்து, சிறு படகில் ஹூக்ளியைக் கடந்து இரயிலேறிக் கல்லூரிக்குச் செல்வதும், அம்மையார் படகைத் தாமே திருப்பிக் கொண்டு போவதுமாகச் சிலகாலம் கழித்தனர் என்பர்.

அவ்வம்மையாரைப் பற்றிச் சென்னை வாசிகளாகிய நாம் ஒரு சொல் மிகையாகச் சொல்லலாம். அபலா தாஸ் என்பது அவர் இயற்பெயர். கல்கத்தா வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக் கொள்ள மறுத்திருந்த காலத்தில், 1882-இல், வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று, இந்நகரத்து வைத்தியக் கல்லூரிக்கு வந்து பயின்றவர் அவர். பின்னர் உடல்நலம் குன்றியமையால் வங்காளம் திரும்பினார். தமிழ்நாட்டின் தலைநகர் அந்நாளிற் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தமையால், போஸின் வாழ்க்கைத் துணைவியார் வைத்தியப் பாடங் கேட்டது இங்கேயாயிற்று.

மூன்றாண்டு கழித்துக் கல்லூரித் தலைவரும் கல்வித்துறைத் தலைவரும் மனம் மாறினர். போஸின் நியமனம் நிலையாக்கப்பட்டது; முழுச் சம்பளம் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் தரப்பட்டது. அத்தொகை முழுவதும் தந்தையின் கடனுக்கே சென்றது.

இனி மின்பேழைக்கு வருவோம். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் மின்சார அலைகள் உண்டென்பதைச் சோதனையால் நிலைநாட்டினார். அவர் 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று முப்பத்தாறாம் வயதில் மரித்தார். அதே ஆண்டு நவம்பர் 30-இல், தமக்கு முப்பத்தாறு நிறைந்த நாளில், இனித் தம் வாழ்வு ஆராய்ச்சிக்கே என்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று ஒன்று இல்லை. ஒதுக்கமான சிறு அறையொன்றே கிடைத்தது. படிப்பறியாத தகர வேலைக்காரன் ஒருவனுக்குத் தாமே கற்பித்து, அவனைக் கொண்டு, தம் செலவிலேயே கருவிகளைச் செய்வித்தார்.

மின்சார அலையை எழுப்ப வேண்டுமாயின், இரு உலோகக் குண்டுகளின் இடையேயுள்ள காற்றைப் பிளந்து பொறி பாய வேண்டும். அதற்குப் பல்லாயிரம் வோல்ட்டு வேண்டும். மின்கலமோ இரண்டு வோல்ட்டுக்கு மேல் தராது. இவ்விடைவெளியைத் தாண்டுவிப்பது தூண்டுசுருள். 1836-இல் அயர்லாந்தின் மேநூத் கல்லூரியில் நிக்கலஸ் கல்லன் என்னும் பாதிரியார் அமைத்ததும், பின்னர்ப் பாரிஸில் ரூம்கோர்ஃப் என்பார் செம்மைப்படுத்தி விற்றதும் இதுவே. இரும்புக் கம்பிக் கட்டொன்றின் மேல் தடித்த கம்பி சில சுற்று; அதன்மேல் மயிர் போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்று. தடித்த கம்பியில் மின்னோட்டம் பாயும்போது சுருளிற் காந்த சக்தி சேமிக்கப்படுகிறது. ஓட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், சேர்ந்த காந்தம் ஒரு நொடியிற் சரிந்து, மெல்லிய கம்பியில் மிகப் பெரும் அழுத்தமாய் எழுகிறது. சுருளின் இயல்பு இதுதான்: தன்னுள் ஓடும் மின்சாரம் நின்றுபோவதை அது பொறுக்காது, அதனைத் தொடர்ந்து ஓட்டுதற்கு எத்துணை அழுத்தம் வேண்டுமோ அத்துணையையும் எழுப்பிப் பார்க்கும்.

ரிச்சி தெருப் பலகையும் இவ்வியல்பைக் கொண்டே பிழைக்கிறது. அதிற் சாவிக்குப் பதிலாகச் சில்லுக்குள் ஒரு டிரான்சிஸ்டர். அது நொடிக்குச் சில இலட்சம் முறை, சிலவற்றிற் பத்து இலட்சத்துக்கும் மேல், சுருளின் ஓட்டத்தை மூடியும் திறந்தும் விளையாடுகிறது. ஒவ்வொரு துண்டிப்பிலும் எழும் அழுத்தம் மின்கலத்தின் அழுத்தத்தோடு கூடி, ஒருவழியே விடும் டயோடின் வாயிலாகக் கெப்பாசிட்டரிற் சென்று தங்குகிறது. மூடியிருக்கும் நேரம் பாதியானால் அழுத்தம் இருமடங்கு. முக்காற் பங்கானால் நான்மடங்கு. இது இழப்பை நீக்கிச் சொல்லிய கணக்கு. வெளிவரும் அழுத்தத்தின் சிறு பங்கைப் பித்தளைத் திருகு பிரித்துச் சில்லுக்குக் காட்ட, சில்லு அதனைத் தன் அளவுகோலோடு ஒப்பிட்டு நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. திருகின் வேலை இவ்வளவே. ஆனால் இவ்வேலையைச் செய்யும் திருகு தவறான இடத்திலிருந்தால், சில்லு தவற்றையே மிகச் செம்மையாக நிலைநிறுத்தும்.

மற்றொன்றும் மாணாக்கர் மறப்பதுண்டு. ஏற்றம் இறைப்பவன் நீரை மேலே தூக்கலாம். இல்லாத நீரைத் தூக்கவியலாது. 3.7 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் வேண்டுமெனின், மின்கலத்திலிருந்து 1.35 ஆம்பியருக்கு மேல் இழுத்தே ஆகவேண்டும். 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் வேண்டுமெனின் 3.2 ஆம்பியருக்கும் மேல். உயரம் ஏறும்; மின்கலத்தின் ஆயுள் இறங்கும்.

போஸின் காலத்துத் தூண்டுசுருள்களில், மின்னோட்டத்தைத் தானே துண்டித்துக் கொண்டிருக்கும் அதிர்நாக்கு ஒன்று உண்டு. மின்சார மணியின் நாக்கைப் போன்று அது ஓயாமல் அடித்துக்கொள்ளும். பொறிகளும் ஓயாமற் பாயும். பொறி மிகுந்தாற் குண்டுகளின் முகம் அரித்துப் பள்ளம் விழும். முகம் கெட்டால் அலையும் கெடும். ஹெர்ட்ஸ் முதலானோர் குண்டுகளை அடிக்கடி துடைத்து மெருகிட வேண்டியவராயினர். போஸ் அவ்வதிர்நாக்கையே எடுத்தெறிந்தார். சாவியை ஒருமுறை அழுத்தி விட்டால் ஒரே பொறி. அவ்வொரு பொறியே சோதனைக்குப் போதும். பொறி பாயும் குண்டுகளின் முகத்திற் பிளாட்டினம் பூசினார். பெரிய சுருளை நாடாமற் சிறிய சுருளையே கொண்டார். சாவியிலும் சுருளிலும் எழும் வேண்டாத அலைகள் கசிந்து சோதனையைக் குழப்பாதிருக்கும்படி, சுருள், மின்கலம், சாவி யாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்து, அலை வெளிவரும் குழாயொன்றை மட்டும் வெளியே நீட்டி வைத்தார். இதுவே யாம் மின்பேழை என்று அழைப்பது. கையில் தூக்கிச் செல்லத்தக்க அப்பேழையிலிருந்து எழுந்த அலைகளின் நீளம் 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை. பிறர் பெருங்கூடத்திற் செய்ததை இவர் மேசை மேல் செய்ய இயன்றது அலை குறுகியதனாலேதான்.

அழுத்தத்தை உயர்த்துதல் பாதி வேலை. அலையை வாங்கும் கருவியில் அழுத்தத்தை மயிரிழை பிசகாமல் அடக்குதல் மற்றப் பாதி. பிறர் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை நிரப்பி அலையை உணர்ந்தனர். ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டினாலன்றித் தூள் பழைய நிலைக்கு மீளாது. போஸ் நுண்ணிய எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கி, அவற்றை ஒரு திருகால் மெல்ல நெருக்கி, அவற்றின் ஊடே செல்லும் மின்னழுத்தத்தையும் படிப்படியாக மாற்றத்தக்கதாய் அமைத்தார். நெருக்கம் ஓரளவு, அழுத்தம் ஓரளவு. இவை இரண்டும் பொருந்தும் ஒரு நிலையில் கருவி அலைக்குத் துடித்தெழும். சற்றுக் குறைந்தால் உறங்கும். சற்று மிகுந்தால் அலை வாராமலே துள்ளும். வங்காளத்தின் ஈரக்காற்று எஃகைத் துருப்பிடிக்கச் செய்தமையால் வில்களின் மேற் கோபால்ட்டு முலாம் பூசினார். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்றுக்குக் கருவிகளைப் பறிகொடுத்தோர் இதன் அருமையை உணர்வர்.

அலையின் இயல்புகளை ஆராய அவர் கொண்ட பொருள்களைக் கேட்டால் நகைப்பு வரும். இரயில் கால அட்டவணைப் புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அதனூடு சென்ற அலையை ஒரே தளத்தில் ஆடச் செய்தார். சணலை முறுக்கிக் கட்டி, அக்கட்டு அலையின் தளத்தை வலமும் இடமும் திருப்புவதைக் காட்டினார். வங்காளத்திற் சணலுக்குக் குறைவில்லை.

1895-ஆம் ஆண்டு மே மாதம் தம் முதற் கட்டுரையை வங்காள ஆசியக் கழகத்திற் படித்தார். அவ்வாண்டே கல்கத்தா நகரமண்டபத்தில், லெப்டினன்ட் கவர்னர் தலைமையில், பேழையிலிருந்து எழுந்த அலை இடைச் சுவர்களையும் தலைவரின் உடலையும் கடந்து, ஏறக்குறைய 75 அடிக்கு அப்பாலிருந்த அறையில் மணியடித்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1897 ஜனவரி 29-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விரிவுரை நிகழ்த்தும் அழைப்பு வந்தது. டேவியும் ஃபாரடேயும் நின்று பேசிய அம்மேடையில், தகர வேலைக்காரன் கையாற் செய்த பேழை இயங்கிற்று. அதன் அமைப்பை அவர் எவர்க்கும் மறைக்கவில்லை.

மறைக்காமையே பின்னர்ப் பெரும் வழக்குக்கு இடமாயிற்று. 1901-இல் லண்டனிலிருந்தபோது, தந்தித் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவர், உரிமையைப் பதிவு செய்யுமாறும் இலாபத்திற் பாதி தமக்கு ஈயுமாறும் வற்புறுத்தியதாகப் போஸ் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார்; மறுத்தும் விட்டார். ஆயினும் நண்பர்களாகிய ஸாரா புல் அம்மையாரும் நிவேதிதையும் விடாப்பிடியாய் நின்றமையால், கலீனா என்னும் ஈயத்தாதுக் கல்லைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் 1901 செப்டம்பரில் விண்ணப்பிக்கப்பட்டு, 1904 மார்ச் 29-இல் 755840 என்னும் எண்ணுள்ள உரிமை கிடைத்தது. அதனால் அவர் ஒரு காசும் தேடவில்லை.

இதனை முழுதும் புகழ்தற்குரிய துறவெனக் கொள்ளலாமோ என்பதில் எமக்குத் தயக்கமுண்டு. உரிமையை அவர் பேணியிருப்பின், அப்பணம் நம் நாட்டில் ஆராய்ச்சிக்கூடமொன்றைப் பதினைந்து ஆண்டு முன்னரே எழுப்பியிருக்கும் என்று வாதிடுவாரும் உளர், அவ்வாதம் வலிவற்றதன்று. அவ்வாறே, கம்பியில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர் போஸே என்றும் மார்க்கோனி அவர் பொருளைக் கவர்ந்தார் என்றும் மேடைகளிற் பேசப்படுவதும் அளவுகடந்ததே. 1899-இற் போஸ் ராயல் சொஸைட்டியில் அறிவித்த இரும்பு-பாதரச உணரியை ஒத்ததே 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிய சைகையை வாங்கிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் தக்க ஆதாரங்களோடு காட்டியுள்ளனர். ஆனால் செய்தி அனுப்பும் தொழிலை நிறுவுவது போஸின் நோக்கமே அன்று. அலையின் இயல்பை அறிதலே அவர் வேட்கை. தமக்குரியதன்றி வேறொன்றை அவர்மேல் ஏற்றுதல் அவர்க்குச் சிறப்பாகாது.

கலீனாக் கல்லின் கதை நம் நகரத்தையும் தொடும். 1924-இற் சென்னை நகராண்மைக் கழகத்து மின்சாரப் பொறியாளர் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்மையால் 1927-இல் அது நின்றது. பின்னர் 1930-இல் நகராண்மைக் கழகமே அதனை நடத்தி, 1938-இல் அகில இந்திய ரேடியோ நிலையம் இங்கு ஏற்படும் வரை தொடர்ந்தது. இன்று அந்நிலையம் மயிலையின் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. வால்வு ரேடியோ வாங்க வகையற்றோர்க்கு அந்நாளில் உலகெங்கும் கைகொடுத்தது, கலீனாக் கல்லையும் அதன்மேல் மெல்லத் தொடும் கம்பியையும் கொண்ட எளிய பெட்டியே.

1900-க்குப் பின்னர்ப் போஸின் மனம் உயிர்ப்பொருள்களின் பக்கம் திரும்பியது. உணரிகள் நெடுநேரம் இயங்கினாற் களைத்துப் போவதும், ஓய்வு தந்தால் மீள்வதும் கண்டு, உலோகத்துக்கும் தசைக்கும் செடிக்கும் பொதுவானதோர் இயல்பு உண்டோ என ஆராயலானார். உடல்நூலார் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அவர் துணிந்து கூறியவை அனைத்தையும் பின்வந்தோர் ஏற்கவில்லை. செடிகளில் மின்சாரத் துடிப்பு ஓடுகிறது என்பதோ இன்று எவரும் மறுக்காத உண்மை.

இவ்விடத்தும் நம் பொருள் தொடர்கிறது. தொட்டாற்சுருங்கிக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, அதன் இலைக்காம்பு விழும் நேரத்தைப் பதிவு செய்தார். அதிர்ச்சி மிகுந்தாற் செடி நலிந்து விடும், குறைந்தால் வாளாவிருக்கும். எனவே ஒரு சுருள் மற்றொன்றின்மேல் நழுவிச் செல்லும் தூண்டுசுருளைக் கையாண்டார். இரண்டாம் சுருளை முதற் சுருளின்மேல் தள்ளத் தள்ள அழுத்தம் ஏறும். இழுக்க இழுக்க இறங்கும். மனிதனுக்கு இலேசாகத் தெரியத்தக்க அதிர்ச்சியை அலகாகக் கொண்டு, அதனினும் மெல்லிய அதிர்ச்சிக்கும் அச்செடி மறுமொழி கூறுவதைக் காட்டினார். தொட்டாற்சுருங்கியையும், இலை தானே ஏறியிறங்கும் தொழுகண்ணியையும் 1914-இற் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டு சென்று, அவை குளிரில் மாளாதபடி காத்து, அறிஞர் முன்னிலையிற் சோதித்துக் காட்டினார். வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியும் அவர் கைவண்ணமே.

1915-இற் பிரஸிடென்ஸிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் ஸர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30-இல், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-இல், எழுபத்தொன்பது நிறைதற்கு ஒரு வாரமே இருக்க, கிரிடியில் உயிர் நீத்தார். அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்து, பெண் கல்விக்கும் கைம்பெண்களின் நல்வாழ்வுக்கும் தம்மை ஈந்தனர்.

அவர் எழுப்பிய மில்லிமீட்டர் அலைகளை அரை நூற்றாண்டு காலம் உலகம் பெரிதும் மறந்திருந்தது. 2012-இல் உலக மின்பொறியாளர் சங்கமாகிய ஐ.இ.இ.இ., அச்சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாகப் பொறித்தது. 2022-இல் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்கென ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளுள் ஒன்று 26 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். போஸின் பேழை எழுப்பிய எல்லைக்குள்ளேயே அது அடங்கும். அவர்தம் கருவிகளைக் கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்துக் காட்சிசாலையில் இன்றும் காணலாம். அவ்வழிச் செல்லும் பழைய மாணாக்கர் ஒருமுறை புகுந்து பார்ப்பாராக.

நம் மாணாக்கர் மூவரும் வேறோர் உணரி வாங்கினர். இம்முறை பலகையை மின்கலத்தோடு மட்டும் இணைத்து, மீட்டரை வெளிவாயில் வைத்து, திருகை இடஞ்சுழியாகப் பதினெட்டுச் சுற்றுத் திருப்பிய பின்னரே எண் 5-ஐத் தொட்டது. உணரியை இணைத்து மறுபடியும் அளந்தனர். அதன் பின்னர் அவர்களுள் ஒருவர் தம் தமக்கையாரின் நகப்பூச்சில் ஒரு துளி கொணர்ந்து, திருகு அசையாதபடி அதன் தலையில் இட்டுவிட்டார். நீலப் பெட்டியின் மேற் சிவந்த அத்துளியோடு அக்கருவி இப்பொழுது பௌதிகக் கூடத்து இரண்டாம் அலமாரியில் இருக்கிறது.